ஒளி பட்டால் கட்டி கரையுமா? அப்பாவின் அறுவைத் தேதியைத் தள்ளிப்போட நினைக்கும் மகளுக்கு

கேள்வி: டாக்டர், நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாக்கின் இடது ஓரத்தில் ரொம்ப நாளாக ஆறாத ஒரு புண். பயாப்ஸி எடுத்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. இரண்டாம் கட்டமாம். அகலம் 2.5 சென்டிமீட்டர், ஆழம் 7 மில்லிமீட்டர். ஸ்கேனில் கழுத்தில் நெறி எதுவும் தெரியவில்லை என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கழித்து அறுவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அப்பா கோயிலில் தேவாரம் பாடுகிறவர். நாக்கை வெட்டிவிட்டால் பாட முடியாது என்று பயந்துபோய் இருக்கிறார். இந்த நேரத்தில் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். கார்பன் துகள்கள் மீது வெளிச்சம் பட்டால் அவை புற்றுநோய் அணுக்களை மட்டும் கொன்றுவிடுமாம், பக்கவிளைவே கிடையாதாம். கோலாலம்பூரில் ஒரு மையத்தில் கேட்டோம். கிராஃபீன் சொட்டு மருந்தைக் குடித்துவிட்டு சிவப்பு விளக்கின் கீழ் உட்கார வேண்டும், 12 முறைக்கு 9,800 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். அப்பா அங்கே போகலாம் என்கிறார். இது உண்மையா? அறுவையைத் தள்ளிப்போட்டு இதை முயன்று பார்க்கலாமா? (பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அறுவைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மையத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், பணம் போய்விடுமே என்பதற்காகத் தொடர வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். "டாக்டர் வேண்டாம் என்கிறார்" என்று மட்டும் போய்ச் சொன்னால் உங்கள் அப்பா ஏற்க மாட்டார். உடம்பு அவருடையது, காரணத்தைக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

தம்பி அனுப்பிய செய்தியின் அடிப்படை அறிவியல் பொய் இல்லை. அதனால் அவனைத் திட்ட வேண்டாம். ஒளியைக் கொண்டு உயிரணுவைக் கொல்லலாம் என்பது 1900லேயே தெரிந்த விஷயம். ஜெர்மனியின் மியூனிக்கில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் இருந்த ஒற்றைச் செல் உயிரிகள் வெளிச்சத்தில் இறப்பதையும் இருட்டில் பிழைப்பதையும் கவனித்தார். சாயம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், கூடவே ஆக்சிஜனும் வேண்டும் என்பது பிறகு தெளிவானது. சாயம் ஒளியின் ஆற்றலை வாங்கி அருகில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் மூர்க்கமாக மாறி, பக்கத்தில் உள்ளதைச் சிதைத்துவிட்டு நொடியில் மிகச் சிறு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. ஒளி விழுந்த இடத்தில் மட்டும் சேதம் என்பதுதான் இதன் சிறப்பு. ஃபோட்டோடைனமிக் சிகிச்சை என்ற பெயரில் இது மருத்துவத்துக்குள் வந்தது. ஃபோட்டோஃபிரின் என்ற மருந்தை 1993ல் கனடா சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், 1995ல் அமெரிக்கா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் அங்கீகரித்தன.

அந்தச் சாயத்தின் வேலையைக் கார்பனைக் கொண்டு செய்ய முடியுமா என்பதுதான் புதிய ஆராய்ச்சி. கார்பன் அணுக்களை உருண்டையாக அடுக்கினால் ஃபுல்லரீன், குழாயாகச் சுருட்டினால் நானோ குழாய், ஒற்றை அடுக்குத் தகடாக விரித்தால் கிராஃபீன். இவை தவிர சில நானோமீட்டரே (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள கார்பன் டாட் என்ற துகள்களும் உண்டு. நானோ குழாய்களைச் சுத்திகரிக்கும்போது 2004ல் தற்செயலாகக் கிடைத்தவை அவை. இந்தக் கார்பன் வகைகள் ஒளியை நன்றாக உறிஞ்சும். சில, சாயத்தைப் போலவே ஆக்சிஜனைத் தூண்டிவிடும். சில, உறிஞ்சிய ஒளியைச் சூடாக மாற்றி, சுற்றியுள்ள உயிரணுக்களை வேகவைத்துவிடும். 2005ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, புற்றுநோய் அணுக்களுக்குள் மட்டும் நானோ குழாய்கள் நுழையும்படி செய்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரைக் காட்டியது. குழாய் நுழைந்த அணுக்கள் இறந்தன, மற்றவை தப்பின. 2010ல் சீன ஆய்வாளர்கள் கிராஃபீன் தகடுகளை எலிகளின் இரத்தத்தில் செலுத்தி, லேசரால் கட்டிகளை அழித்துக் காட்டினார்கள். இவையெல்லாம் நேர்மையான, நல்ல ஆய்வுகள். படிக்கும்போது எனக்கும் நம்பிக்கை பிறக்கிறது.

ஆனால் முதலாவது ஆய்வு கண்ணாடித் தட்டில் நடந்தது, இரண்டாவது எலியில். இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டு நகராமல் உங்கள் அப்பாவின் நாக்கை வைத்தே சொல்கிறேன். இங்கே எல்லாமே ஆழக் கணக்கு.

இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். விரல்களின் ஓரம் சிவப்பாக ஒளிரும், உள்ளங்கையின் நடுப்பகுதி மங்கிப்போகும். நீலமும் பச்சையும் சதைக்குள் நுழைந்தவுடனே உறிஞ்சப்பட்டுவிடும். சிவப்பு கொஞ்சம் உள்ளே போகும், அகச்சிவப்பு இன்னும் கொஞ்சம். ஃபோட்டோடைனமிக் சிகிச்சையில் பயன்படும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி, வேலை செய்யும் அளவு பலத்தோடு அரை சென்டிமீட்டரிலிருந்து அதிகம் போனால் 1 சென்டிமீட்டர்வரைதான் எட்டும். எலியின் கட்டி தோலுக்கு அடியில், பட்டாணி அளவில் இருக்கிறது. அதன் தோலும் மிக மெல்லியது. அங்கே ஒளி முழுக் கட்டியையும் நனைத்துவிடும். உங்கள் அப்பாவின் கட்டி 7 மில்லிமீட்டர் ஆழம். அதற்கும் கீழே, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத வேர்களுக்காக ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பது அறுவை மருத்துவர்களின் வழக்கம். ஆக, மேற்பரப்பிலிருந்து 1.7 சென்டிமீட்டர்வரை அழித்தாக வேண்டும். மேலே இருந்து காட்டும் ஒளி அங்கே போய்ச் சேரும்போது அதில் பலம் இருக்காது. மேல்பகுதி வெந்து, புண் ஆறி, எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். அடியில் மிச்சம் இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும். இந்தப் பொய்யான நிம்மதியைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் அஞ்சுகிறேன்.

அடுத்தது கழுத்து. ஸ்கேனில் நெறி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்திதான். ஆனால் நாக்குப் புற்றுநோய் கழுத்து நெறிகளுக்குள், அதாவது நிணநீர்க் கணுக்களுக்குள், சத்தமில்லாமல் போய் உட்காரும் குணம் கொண்டது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2015ல் வெளியிட்டது. கழுத்தில் நெறி தெரியாத, ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுநோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாய்க் கட்டியோடு சேர்த்துக் கழுத்து நெறிகளையும் அப்போதே எடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குக் கழுத்தைக் கண்காணித்து, நெறி தெரிந்த பிறகு எடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து முதல் பிரிவில் 80 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்த பிரிவில் 67.5 விழுக்காடு. கட்டியை ஒழுங்காக வெட்டி எடுத்தவர்களிடமே கழுத்தைத் தாமதித்ததால் இவ்வளவு வித்தியாசம். நாக்கின் மேல் விழும் விளக்கு வெளிச்சம் கழுத்துக்குள் இருப்பதைத் தொடக்கூடப் போவதில்லை.

அந்த மையம் சொன்ன முறையை இப்போது பாருங்கள். சொட்டு மருந்தைக் குடித்தால் அது வயிற்றுக்குப் போகிறது. அங்கிருந்து நாக்குக் கட்டிக்கு மட்டும் தேடிப் போவது எப்படி? இரத்தக் குழாயில் நேரடியாகச் செலுத்தினாலும் நானோ துகள்களில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கிவிடுகிறது. பத்து ஆண்டுகளின் விலங்கு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2016ல் வந்தது. செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுவளவாக 0.7 விழுக்காடுதான், பாதி ஆய்வுகளில் அதைவிடவும் குறைவு. இந்தத் துறையில் இருப்பவர்கள் இரவு பகலாக மல்லுக்கட்டுவது இந்த எண்ணோடுதான். குடிக்கும் சொட்டு அதைத் தீர்த்துவிட்டது என்றால் எந்த ஆதாரத்தில் என்று கேட்க வேண்டும்.

"இயற்கையான கார்பன், பக்கவிளைவு இல்லை" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். மெழுகுவர்த்திக் கரியிலிருந்தும் ஆரஞ்சுச் சாற்றிலிருந்தும்கூட ஆய்வுக்கூடத்தில் கார்பன் டாட் செய்திருக்கிறார்கள். எதிலிருந்து செய்தார்கள் என்பதை வைத்து ஒரு துகள் உடம்புக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. அளவு, நீளம், மேல்பூச்சு மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. மிகச் சிறிய, நல்ல பூச்சுள்ள துகள்கள் சிறுநீரில் வெளியேறிவிடலாம். நீளமான, விறைப்பான நானோ குழாய்கள் எலியின் வயிற்று உறையில் அஸ்பெஸ்டாஸ் நாரைப் போலவே அழற்சியை உண்டாக்கின என்று 2008ல் ஓர் ஆய்வு காட்டியது. அத்தகைய குழாய்களில் ஒரு வகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. கார்பன் நானோ எல்லாமே ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. சீனாவில் அறுவையின்போது நெறிகளைக் கறுப்பாக அடையாளம் காட்டக் கார்பன் நானோ துகள் ஊசி பல காலமாகப் பயன்படுகிறது. ஆனால் அது அடையாளம் காட்டும் மை மட்டுமே. ஒளி பட்டுப் புற்றுநோயை அழிக்கும் கார்பன் நானோ மருந்து எதையும் இதுவரை எந்த நாட்டின் மருந்து ஆணையமும் அங்கீகரிக்கவில்லை.

"அப்படியானால் ஒளிச் சிகிச்சையே வாய்க்கு இல்லையா?" என்று உங்கள் அப்பா கேட்பார். இருக்கிறது, ஆனால் வேறு நோயாளிகளுக்கு. டெமோபோர்ஃபின் என்ற மருந்து 2001 முதல் ஐரோப்பாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. மற்ற சிகிச்சைகள் பலன் தராத, முற்றிய நிலையில் அவதியைக் குறைப்பதற்காக அதைக் கொடுக்கிறார்கள். 2020ல் ஜப்பான் இன்னொரு முறையை அங்கீகரித்தது. புற்றுநோய் அணுவின் மேல் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளோடு ஒளி வாங்கும் சாயத்தை இணைத்து ஊசியாகப் போட்டு, மறுநாள் லேசர் காட்டுகிறார்கள். கட்டி ஆழமாக இருந்தால் மெல்லிய ஒளியிழையைச் சதைக்குள்ளேயே செருகுகிறார்கள். ஆழப் பிரச்சினையை அவர்களும் அப்படித்தான் எதிர்கொள்கிறார்கள். அதுவும் வெட்டி எடுக்க முடியாத அல்லது திரும்பி வந்த கட்டிகளுக்கு மட்டும். உங்கள் அப்பாவின் கட்டி வெட்டி எடுக்கக்கூடியது. கையில் இருக்கும் நல்ல வழியை விட்டுவிட்டு, வழியில்லாதவர்களுக்கான சிகிச்சையை எதற்குத் தேட வேண்டும்? அப்புறம், உண்மையான ஒளி மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு. ஃபோட்டோஃபிரின் போட்டவர் குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது, தோல் வெந்துவிடும். பினாங்கு வெயிலில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிவப்பு விளக்கின் கீழ் உட்கார்ந்துவிட்டு அன்றே மதியம் வெயிலில் நடந்து வீட்டுக்குப் போகலாம் என்றால், அந்தச் சொட்டில் ஒளியால் தூண்டப்படும் மருந்து ஏதாவது இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

அறுவையைக் கொஞ்சம் தள்ளினால் என்ன ஆகிவிடும் என்ற கேள்விக்கும் எண்ணிலேயே பதில் இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் உட்பட ஏழு வகைப் புற்றுநோய்களைப் பற்றி 2020ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, அறுவையில் ஒவ்வொரு நான்கு வாரத் தாமதத்துக்கும் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது. 12 முறை என்று மையம் சொல்கிறது. வாரம் ஒருமுறை என்றால் மூன்று மாதம். அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன், மறுபடி தேதி. இன்று இரண்டாம் கட்டமாக இருப்பது அப்போதும் அங்கேயே நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

அந்த மையத்திடம் மருந்தின் பதிவு எண்ணைத் தம்பி கேட்கட்டும். மலேசியாவில் பதிவு பெற்ற ஒவ்வொரு மருந்துக்கும் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் எண் உண்டு. அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எண்ணின் கடைசி எழுத்தையும் பாருங்கள். டி (T) என்றால் பாரம்பரியப் பொருள், என் (N) என்றால் சத்துப்பொருள். இப்படி ஓர் எண் இருப்பதால் மட்டும் அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று ஆகிவிடாது. "இது ஆராய்ச்சி, அதனால்தான் எண் இல்லை" என்று பதில் வந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். முறையான மருத்துவ ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை, 9,800 வெள்ளி என்ற பேச்சே எழாது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்தையோ சிகிச்சையையோ பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் இந்த நாட்டில் தடை செய்கிறது. அவர்கள் அனுப்பிய விளம்பரத்தை அழிக்காமல் வைத்திருந்து, சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். உங்களுக்குப் பிறகு போகிறவருக்கு உதவும்.

சரி, இனி அப்பாவின் பயத்துக்கு வருவோம். அவர் ஒளிச் சிகிச்சையை நாடவில்லை, பாடும் நாக்கைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றுதான் உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்குத் தோன்றியது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் விளக்கைப் பற்றி எவ்வளவு வாதாடினாலும் பயனில்லை.

குரல் பிறப்பது தொண்டையில் உள்ள குரல்நாணில். இந்த அறுவை அதைத் தொடாது. சுருதி, கமகம், நீட்டிப் பாடும் மூச்சு எல்லாம் அவரிடமே இருக்கும். மாறக்கூடியது உச்சரிப்பு. நாக்கின் ஓரத்தை எடுத்த பிறகு, நாக்கை வளைத்துச் சொல்லும் ழ, ள, ண, ட ஆகியவற்றில் முதலில் தடுமாற்றம் வரலாம். எடுக்கும் பகுதி சிறியது என்றால் மீதி நாக்கே பழகிக்கொள்ளும். பெரியது என்றால் முன்கையிலிருந்து தோலும் இரத்தக் குழாயும் சேர்த்து எடுத்து நாக்கில் வைத்துத் தைப்பார்கள். பேச்சுப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பயிற்சி செய்ய வேண்டும். பல மாதம் ஆகலாம். பழையபடி அப்படியே வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கட்டி சிறியதாக இருக்கும்போது வெட்டினால்தான் வெட்டும் பகுதியும் சிறியதாக இருக்கும். அவருடைய பாட்டுக்கு உண்மையான எதிரி தாமதம்தான் என்பதை இப்படி எடுத்துச் சொல்லுங்கள். அவர் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

அறுவைக்கு முன்பு மருத்துவரைப் பார்க்கும்போது அப்பாவையே பேசவிடுங்கள். "நான் தேவாரம் பாடுகிறவன்" என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். எவ்வளவு எடுப்பீர்கள், தையல் ஒட்டு தேவைப்படுமா, கழுத்து நெறிகளையும் அப்போதே எடுப்பீர்களா, பேச்சுப் பயிற்சியாளரை அறுவைக்கு முன்பே சந்திக்கலாமா என்று கேளுங்கள். முடிந்தால் அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து பயிற்சியாளரிடம் கொடுங்கள், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். எடுத்த சதையின் முடிவைப் பொறுத்து, பிறகு கதிரியக்கச் சிகிச்சை தேவைப்படலாம். அதனால் ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் முன்பே பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கதிரியக்கத்துக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. கதிரியக்கத்தால் வரும் வாய்ப்புண்ணைக் குறைக்க மென்மையான சிவப்பு லேசர் உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்த வசதி கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு ஒளியின் மேல் இருக்கும் நம்பிக்கைக்கு அங்கே இடம் உண்டு.

மனம் இன்னும் சமாதானம் ஆகவில்லை என்றால் இரண்டாவது கருத்து கேட்பதில் தப்பே இல்லை. பினாங்கிலேயே வேறொரு புற்றுநோய் நிபுணரைப் பாருங்கள். கெப்பாலா பத்தாஸில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பெர்த்தாம் மருத்துவ மையமும் உங்களுக்குப் பக்கம்தான். பயாப்ஸி அறிக்கையையும் ஸ்கேன் தட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். அறுவைத் தேதி அப்படியே இருக்கட்டும்.

வெற்றிலை பாக்கு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, நானாகவே கேட்கிறேன். நம் மலேசிய இந்தியர்களிடம் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட அதிகம், அதற்குப் பெரிய காரணம் பாக்கும் புகையிலையும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004லேயே உறுதியானது. நீண்ட தூரம் லாரி ஓட்டுகிறவர்கள் தூக்கம் வராமலிருக்க வாயில் எதையாவது அடக்கி வைத்துக்கொள்வது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அந்தப் பழக்கமோ சிகரெட்டோ இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அறுவைப் புண் ஆறுவதற்கும் அது முக்கியம். வீட்டில் பாட்டி, அத்தை என்று வெற்றிலை போடுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போய் வாயைக் காட்டுங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாயை அகலத் திறக்கச் சிரமம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள்.